முதலைப் பண்ணைக்கு யார் போன் செய்வது?

கேள்வி: கையில் போன் வைத்திருக்கும் எல்லாரும் நிருபர். வலைப்பூ தொடங்கிய எல்லாரும் எழுத்தாளர். இனிப் பத்திரிகை ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு?

பதில்: பத்திரிகை வராத ஒரு நாளைச் சென்னை பார்த்தே இருக்கிறது. 2015 டிசம்பர் 2. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாத வெள்ளம். 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ அன்று சென்னையில் அச்சாகவில்லை. அதற்காக ஊர் செய்தியில்லாமல் தவித்துவிடவில்லை. எந்தத் தெருவில் கழுத்தளவு தண்ணீர், எந்த மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள், எந்தக் கல்யாண மண்டபத்தில் சோறு கிடைக்கிறது என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. ஒற்றும் சந்தியும் தப்பிய வரிகள்தான். அவற்றை நம்பிப் படகுகள் போயின. ஆசிரியர் என்று சிவப்பு மையோடு நான் குறுக்கே உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வடிந்த பிறகுதான் பக்கம் முடிந்திருக்கும்.

அதே நாட்களில் அதே போன்களில் வேறு சரக்கும் வந்தது. சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் திரிகின்றனவாம். நாசா எச்சரித்ததாக ஒரு பெருமழைக் கணக்கு வேறு. (பாவம் நாசா, நம் ஊர் வதந்திக்கெல்லாம் கையெழுத்துப் போட்டே ஓய்ந்துபோயிருக்கும்.) ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையே அறிவிக்க வேண்டியதாயிற்று. பண்ணைக்கு ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். வதந்தியை அனுப்பியவர்கள் கையில் இருந்ததும் போன்தானே? ஆசிரியர் எதற்கு என்று கேட்டீர்கள். அந்த ஒரு அழைப்புக்குத்தான். நடை, இலக்கணம் எல்லாம் அப்புறம்.

எழுத்தைப் பற்றிக் கேட்டால், நான் வாய் திறக்கவே கூசுகிறது. தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு வந்த கதைகளை ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று திருப்பி அனுப்பிய கூட்டம் நாங்கள். பாதியைப் படித்ததுகூட இல்லை. எந்தக் கணினியிலும் தமிழைப் படிக்கவைத்த யூனிகோடு பரவி, வலைப்பூக்களை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டியும் 2004இல் வந்த பிறகு, எங்கள் வாசலில் நிற்கத் தேவையில்லாதவர்கள் எழுத வந்தார்கள். துபாயில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த பெண். அவர்களுடைய தமிழில் இருந்த வீட்டு வாசம் எங்கள் பக்கங்களில் அதுவரை அடித்ததில்லை. பிறகு ஃபேஸ்புக் வந்து அவர்களையும் நாலு வரிக்குப் பழக்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது எங்கள் தொழிலில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோ வலைதளத்தில் எழுதியதை எடுத்து, ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ என்று தலைப்பிட்டுச் செய்தியாக்குகிறார்கள். எண்ணிப் பார்த்தால் கொந்தளித்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரிடமும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இந்த வேலைக்கு ஆசிரியர் எதற்கு என்று கேட்டால், நானும் உங்கள் கட்சிதான்.

விட்டுப்போயிற்றே, கேள்வியோடு ஒரு படமும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘இன்று காலை சென்னை விமான நிலையம். எந்தப் பத்திரிகையும் இதைப் போடாது’ என்ற வாசகத்தோடு. தண்ணீரில் விமானங்கள் நிற்கும் அந்தப் படம் 2015 டிசம்பரில் எடுத்தது. இதுவரை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்?