விறகு ஸ்டவ் புகை வீட்டுக்குள் வந்தால், விற்ற கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சொந்தமாகப் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. எண்பது தாண்டிய அம்மாவுக்காகக் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும். கரண்ட் பில் கட்டி மாளவில்லை என்று, போன நவம்பரில் கோவையில் ஒரு கடையில் 82,000 ரூபாய்க்கு வெளிநாட்டு வார்ப்பிரும்பு விறகு ஸ்டவ் வாங்கினோம். கடைக்காரரே ஆள் அனுப்பிப் பொருத்தினார். அதற்கு 15,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார்கள், ரசீது இல்லை. புகைக்குழாயைச் சுவரைத் துளைத்து, ஓட்டுச் சரிவுக்குக் கீழேயே வெளியில் விட்டுவிட்டார்கள். காற்றடித்தால் புகை அறைக்குள் திரும்புகிறது. குழாய்க்கு மேலே மச்சுப் பலகை கருகியிருக்கிறது. ஒரு நாள் அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேட்டால், "நீங்கள் ஈர விறகு போடுகிறீர்கள், எங்கள் ஸ்டவ்வில் குறை இல்லை" என்கிறார் கடைக்காரர். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது', 'கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் புகை வருகிறது, புகார் கொடுப்பேன் என்கிறார். என்ன செய்யலாம்? எங்கள் இடத்தில் நிற்கும் இரண்டு சில்வர் ஓக் மரங்களை விறகுக்கு வெட்டலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சட்டத்தை அப்புறம் பார்ப்போம். முதலில், அந்த ஸ்டவ்வை இனி பற்றவைக்காதீர்கள். தலைசுற்றலும் வாந்தியும் கார்பன் மோனாக்சைடு உடம்பில் ஏறியதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிக் கங்கு மட்டும் கனிந்துகொண்டிருக்கும்போதும் அது அறையில் சேரும். அடைத்த அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழாமலே போன செய்திகளை மலையில் இருக்கும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மச்சுப் பலகை கருகியிருப்பது இன்னொரு எச்சரிக்கை. அடுத்தது தீயாக இருக்கலாம். 2,000 வாட் ஹீட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஆகிவிடும், 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமும் மாறிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் குளிர்காலம் மட்டும் அந்தப் பில்லைக் கட்டிவிடுங்கள்.

இனி வழக்கு. உங்கள் கடிதத்தில் ஸ்டவ் கெட்டதா, விறகு கெட்டதா என்றுதான் பேச்சு போகிறது. கடைக்காரர் உங்களை அந்தப் பக்கம் இழுக்கிறார், நீங்களும் போகிறீர்கள். குறை இருப்பது பொருத்திய விதத்தில். விறகு ஸ்டவ் என்பது பெட்டி மட்டுமல்ல. பாதி வேலையைச் செய்வது புகைக்குழாய்தான். கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குழாய் குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் கூரையையோ சுவரையோவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது. ஓட்டுச் சரிவுக்குக் கீழே குழாய் முடிந்தால், கூரைமேல் மோதிக் கீழிறங்கும் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளத்தான் செய்யும். எவ்வளவு காய்ந்த விறகைப் போட்டாலும் அது மாறாது. மரப்பலகைக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். கையேடு உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். தரவே இல்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

ஏனென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86-வது பிரிவு, பொருளைப் பூட்டிப் பொருத்துவதில் உரிய கவனம் எடுக்காத விற்பனையாளரையும், ஆபத்து பற்றித் தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்கியவருக்குச் சேர்க்காத விற்பனையாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. ஸ்டவ் வெளிநாட்டில் செய்தது, கம்பெனியைப் போய்க் கேளுங்கள் என்று அவர் கைகழுவவும் முடியாது. தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்க்க வழியில்லை என்றால், விற்றவரே பதில் சொல்ல வேண்டும் என்கிறது அதே பிரிவு. பொருத்த வந்தவர் தனி ஆள் என்று சொல்வார்கள். அனுப்பியது கடை என்பதால் கடையையும் அவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொருளால் விளைந்த கேடு என்று கேட்கும்போது ஸ்டவ்வின் விலை அதில் சேராது. அம்மாவின் வைத்தியச் செலவு, மன உளைச்சல், மச்சுப் பலகை ஆகியவைதான் சேரும். ஸ்டவ் விலையையும் பொருத்துக் கூலியையும் சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் தனியாகக் கேட்க வேண்டும். புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஈர விறகு வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவறாகப் பயன்படுத்தியதால் வந்த கேடு என்று நிரூபித்தால் விற்றவர் தப்பிக்க 87-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரியில் விறகு காய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நன்றாக எரியும். இல்லாவிட்டால் குழாய்க்குள் தார் போலக் கசடு படியும். அதனால் விறகின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, இருக்கும் விறகைப் பிளந்து உள்பக்கத்தை அளந்து வீடியோ எடுத்துவையுங்கள். காய்ந்த விறகுதான் என்றால் அவருடைய ஒரே வாதமும் போயிற்று. ஈரம்தான் என்றாலும் குழாய் முடியும் இடம் மாறிவிடாது.

பில்லில் அச்சடித்த இரண்டு வரிகளும் உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பது, அதே சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. பொருத்துக் கூலிக்கு ரசீது தராததும் அதே பிரிவில்தான் வரும். கோவை எல்லை என்ற வரியைப் பார்த்துப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைக் கடைக்காரர் ஒரு வரி அச்சடித்துப் பறிக்க முடியாது. நீங்கள் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி விசாரணையும் கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு.

'கரண்ட் பில் பாதியாகும்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆனால் அதை முதல் வாதமாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எவ்வளவு நேரம் எரித்தீர்கள், எந்த விறகு என்று அவர்கள் கணக்கைக் குழப்ப அது வாய்ப்புக் கொடுத்துவிடும்.

சாட்சியம்தான் இப்போது அவசரம். நோட்டீஸ் போனதும், "சரி சார், சும்மாவே மாற்றிக் கொடுக்கிறோம்" என்று ஆள் வந்து குழாயைக் கழற்றிவிட்டால், உங்கள் வழக்கின் முக்கால் பாகம் அந்தக் குழாயோடு போய்விடும். எழுத்தில் ஒப்புதல் வாங்காமல், நடுநிலையான ஒருவர் பார்க்காமல் தொடவிடாதீர்கள். குழாய் முடியும் இடம், ஓட்டின் விளிம்பு, கருகிய பலகை எல்லாவற்றையும் அளவுநாடா வைத்துப் படமெடுங்கள். ஒரு சிவில் என்ஜினீயரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். இந்த வழக்குகள் பிரமாண வாக்குமூலத்திலும் ஆவணங்களிலும்தான் நடக்கும் என்பதால், அவருடைய வாக்குமூலமும் வேண்டும். ஆணையமே ஒருவரை நியமித்து வீட்டைப் பார்வையிடச் சொல்லுமாறு மனுப் போடலாம். அம்மாவின் அன்றைய ஓ.பி. சீட்டையும், புகையைப் பற்றி டாக்டர் எழுதிய குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணையுங்கள். 15,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்ததைப் பற்றி இப்போதே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அவர் மறுக்காமல் பதில் போட்டாலே அது பெரிய சான்று. இவற்றையெல்லாம் சேர்த்த பிறகு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் சின்னது. ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குப் போவது பெரும்பாலும் சிவில் தகராறுதான். தெருவுக்கே தொல்லை என்றால் மட்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-வது பிரிவின் கீழ் குன்னூர் கோட்டாட்சியர் வரை போகும். ஸ்டவ்வை நிறுத்திவிட்டோம், குழாயில்தான் தப்பு, கடைக்காரர் மேல் புகார் கொடுக்கிறோம் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் ஒரு வாக்குமூலம் உங்கள் வழக்குக்கே உதவும்.

மரத்தை வெட்டாதீர்கள். பட்டா நிலம், நாமே நட்ட மரம் என்றாலும், தமிழ்நாடு மலைப் பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவே நம் கூடலூர்ப் பக்கத்து வழக்கில் பிறந்ததுதான். இங்கே அதிகாரிகள் இதில் கண்டிப்பாகவே இருப்பார்கள். காப்புக் காட்டிலிருந்து விறகு எடுத்து வந்தால் அது வனக் குற்றம். குழாயைச் சரிசெய்த பிறகு விறகு வேண்டுமென்றால், தேயிலைக் கவாத்துக் குச்சியையோ டிப்போ விறகையோ ரசீதோடு வாங்குங்கள். இதுவரை வாங்கிய விறகுக்குத் தேதி போட்ட ரசீது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எப்போது வாங்கி எவ்வளவு நாள் காயவைத்தீர்கள் என்று காட்ட அதுவும் புகாரோடு போக வேண்டும்.