இரைப்பையில் தையல் போட்டவர் காவடி எடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. இரவு வயிறு முட்ட நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) சாப்பிட்டுவிட்டு வரும்போது மோட்டார் சறுக்கி, ஹேண்டில் முனை வயிற்றில் குத்திவிட்டது. வெளியே சின்னக் கன்றல்தான். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். விடிவதற்குள் வலியில் துடித்தான். இரைப்பை கிழிந்திருப்பதாகச் சொல்லி, வயிற்றை நீளமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. தைப்பூசத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டுதல். எடுக்கலாமா? - ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, பெரிய காவடி இந்த ஆண்டு வேண்டாம்.

இரைப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதன் தையல் இந்நேரம் ஆறியிருக்கும். என் கவலை வயிற்றுச் சுவரைப் பற்றியது. தோலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான படலம் போதிய உறுதியைப் பெற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் வெட்டிய இடம் விட்டுக்கொடுத்து, குடல் பிதுங்கலாம். இடுப்பில் கட்டும் காவடிச் சட்டமோ நேராகத் தழும்பின்மேல்தான் அழுத்தும். அலகும் வேண்டாம். ஆபரேஷன் செய்த மருத்துவர் பார்த்துச் சரி என்றால், சிறிய பால்குடம் எடுத்து, படிகளில் நின்று நின்று ஏறட்டும்.

அடிபட்டு இரைப்பை கிழிவது அபூர்வம். அதன் சுவர் தடிமனானது, விலா எலும்பும் காக்கிறது. ஆனால் வயிறு நிரம்பியிருக்கும்போது குத்து விழுந்தால் உள்ளழுத்தம் சட்டென ஏறிக் கிழிந்துவிடலாம். முதலில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று காட்டும், ஓட்டையைத் தவறவிடலாம். அதனால்தான் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். கன்றல் சின்னது என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நீளமாக வெட்டியதற்கும் காரணம் உண்டு. முன்சுவர் கிழிந்தால் பின்சுவரும் கிழிந்திருக்கலாம். இரைப்பையைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மண்ணீரல், உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை), கணையம் எல்லாவற்றையும் சோதித்து, சிதறிய சோற்றையும் அமிலத்தையும் உப்புநீரால் கழுவி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் சீழ் கட்டும்.

விரதத்துக்குச் சைவ உணவு நல்லதுதான். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது இப்போது கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு முறை சாப்பிடட்டும். காய்ச்சல், ஓயாத வாந்தி, தழும்பில் புடைப்பு, எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் கடிதத்தை இன்றே எடுத்து, மண்ணீரலை அகற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அகற்றியிருந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் கட்டாயம். போடவில்லை என்றால் தைப்பூசம் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.