மூன்று சீட்டு போக்கரில் ஃப்ளஷ் ஏன் தோற்றது?

உங்கள் ஃப்ளஷ் (மூன்றும் ஒரே ஜாதிச் சீட்டு), டீலரின் (சீட்டுப் போடுபவரின்) ஸ்ட்ரெய்ட்டிடம் (மூன்றும் வரிசை எண்) தோற்றது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். டீலர் உங்களை ஏமாற்றவில்லை. ஐந்து சீட்டு ஆட்டத்தில் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட்டை வெல்லும். மூன்று சீட்டில் இது தலைகீழ். எது அரிதோ அதுதான் பெரியது. மொத்தம் 22,100 கைகள் சாத்தியம். அதில் ஃப்ளஷ் 1,096, ஸ்ட்ரெய்ட் 720 மட்டுமே. ஒரே ஜாதியில் மூன்று சேர்வது சுலபம், வரிசையாக மூன்று சேர்வதுதான் கஷ்டம். அதனால் உங்கள் ஆட்டின் (ஹார்ட்ஸ்) கிங்-9-4, பல ஜாதி கலந்த 5-6-7இடம் விழுந்தது.

முழு வரிசை, பெரியதிலிருந்து: ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் வரிசை), ஒரே எண் மூன்று, ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ், ஜோடி, உயர்ந்த சீட்டு. நம்மூர் தீன் பத்தி பழக்கத்தில் வந்தால் முதல் இரண்டும் இடம் மாறியிருக்கும், குழம்பாதீர்கள். ஸ்ட்ரெய்ட்டாக ஏ-2-3 (ஏ என்பது ஏஸ்) செல்லும், கிங்-ஏ-2 செல்லாது.

இரண்டாவது கேள்வி, ஜெயித்தும் பாதிக் காசுதான் வந்தது என்பது. டீலரின் கை குறைந்தது குயின் உயர்ந்த சீட்டாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் தகுதி பெறவில்லை. அப்போது ஆண்ட்டி (சீட்டு வாங்கும் முன் வைக்கும் பந்தயம்) 100 போட்டிருந்தால் அதற்கு 100 லாபம். சீட்டைப் பார்த்த பிறகு வைத்த இரண்டாம் பந்தயமான ப்ளே 100 லாபமில்லாமல் அப்படியே திரும்பும். உங்கள் டீலரிடம் ஜாக்தானே பெரியது?

எப்போது ப்ளே வைப்பது? குயின்-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் வையுங்கள், கீழே என்றால் மடக்கிவிடுங்கள் (ப்ளே வைக்காமல் விலகுங்கள்). குயின்-6-3 வந்தாலும் மடக்குங்கள். "ஒரு சீட்டுதானே" என்று இழுப்பதில்தான் பலருக்கும் காசு கரைகிறது.