41 வயசுல தண்ணிக்குள்ள தலைய விட்ட கதை: நீச்சல் பயம், கேள்வி பதில்

நான் சென்னை, பேங்க்ல வேலை. 41 வயசு வரைக்கும் எனக்கு தண்ணினா பக்கெட்டும் மக்கும்தான், குற்றாலம் போனா கூட ஓரமா நின்னு எல்லாரோட செருப்புக்கும் காவல் இருக்கிற ஆளு. இப்ப 50 ஆகுது. காலைல லேடீஸ் பேட்ச்ல புதுசா வர்றவங்க கூட இடுப்பளவு தண்ணில நின்னு கோச்சுக்கு ஒத்தாசையா இருக்கேன். கம்ஃபர்ட் சோன விட்டு வெளிய வர்றது எப்படின்னு பொதுவா கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது, எனக்கு தெரிஞ்ச ஒரே வழி நீச்சல் குளம்தான், அதனால எல்லாத்துக்கும் அத வச்சே பதில் சொல்றேன்.

கேள்வி (கோவை, 38 வயசு): அக்கா, ரெண்டு தடவ ஃபீஸ் கட்டி ரெண்டு தடவயும் மூணாவது நாளே நின்னுட்டேன். முகத்த தண்ணில வச்சாலே நெஞ்சு அடைக்குது. எனக்கு தைரியம் பத்தலயா?

தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க என்ன பண்றீங்கன்னா முகத்த உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி பெருசா மூச்ச இழுத்து அப்படியே பூட்டி வச்சுக்கிறீங்க, நானும் அதத்தான் பண்ணேன், எல்லாரும் அதத்தான் பண்றாங்க. மூச்ச அடக்கினா முதல்ல நம்மள தவிக்க விடுறது ஆக்சிஜன் தீர்ந்து போறது இல்ல, உள்ள சேர்ற கார்பன் டை ஆக்சைடுதான். அது ஏற ஏற மூளை மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், நாம அத பயம்னு நினைச்சு வெளிய ஓடி வந்துடுறோம். மூச்ச தண்ணிக்குள்ளயே வெளிய விட ஆரம்பிச்சா அந்த மணி லேட்டாத்தான் அடிக்கும்.

அதனால முதல் வாரம் குளத்துக்கே போகாதீங்க. நான் பரண்ல கிடந்த கல்யாண சீர் பித்தளை அண்டாவ இறக்கி தண்ணி ரொப்பி பால்கனில வச்சேன். முகத்த உள்ள விட்டு மூக்கு வழியா "ம்ம்ம்ம்"னு முனகணும், குமிழி வரணும், வெளிய வந்து வாயால மூச்சு எடுக்கணும், திரும்ப உள்ள. முதல் நாள் நாலு தடவ கூட முடியல. பையன் பாத்துட்டு "அம்மா மீன் மாதிரி இருக்க"ன்னான், நான் எரும மாதிரி இருந்தேன்னு எனக்கே தெரியும். ஒன்பதாவது நாள் முப்பது தடவ பண்ணிட்டு, அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்து எந்திரிச்சேன். அந்த மாதிரி வேற நினைப்பு வர்ற அளவுக்கு சலிச்சு போச்சுன்னா அந்த படி முடிஞ்சுதுன்னு அர்த்தம், அடுத்ததுக்கு போலாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுறேன், வேகவேகமா பத்து மூச்சு இழுத்துட்டு தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கலாம்னு போட்டி போடுறது வேணவே வேணாம், நல்லா நீந்துறவங்களே அப்படி மயங்கி உள்ளயே போயிருக்காங்க.

கேள்வி (ஈரோடு பக்கம், 45): சின்ன வயசுல எங்க மாமா கிணத்துல தூக்கி போட்டுட்டாருங்க, மத்த பசங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டானுங்க, எனக்கு மட்டும் இன்னைக்கும் கிணத்து மேட்டுல நின்னா கால் நடுங்குதுங்க.

உங்க மாமா கணக்கு தப்புங்க. 1908-லயே யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் சுண்டெலிகள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, தப்பு பண்ணா லேசா கரண்ட் ஷாக். சுலபமான விஷயம்னா ஷாக் கூட கூட எலி சீக்கிரம் கத்துக்கிச்சு. கஷ்டமான விஷயம்னா நடுத்தரமான ஷாக்லதான் நல்லா கத்துக்கிச்சு, ரொம்ப கூட்டினா சொதப்பிடுச்சு. நீச்சல் தெரியாத பையனுக்கு இருபதடி கிணறு எந்த ரகம்னு நீங்களே சொல்லுங்க. மத்த பசங்க தப்பிச்சது, அவங்க அதுக்கு முன்னாடியே படியில உக்காந்து, சுரைக்குடுக்கைய கட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சம் பழகியிருப்பாங்க, அத யாரும் கதையில சேத்து சொல்ல மாட்டாங்க. நீங்க கிணத்த விட்டுடுங்க, அந்த இடமே உங்களுக்கு ஆகாது. மூணரை அடி ஆழம் இருக்கிற குளத்துல, தரை தெரியிற தண்ணில ஆரம்பிங்க. முதல் நாள் கம்பிய புடிச்சு இந்த கோடிலேர்ந்து அந்த கோடி வரைக்கும் சும்மா நடந்தா போதும்.

கேள்வி (வேளச்சேரி, 29): தினமும் ஒரு பயமான விஷயம் பண்ணுன்னு ரீல்ஸ்ல சொல்றாங்களே, நேரா ஆழத்துல குதிச்சுட்டா ஒரே நாள்ல பயம் போயிடாதா?

தம்பி, ரீல்ஸ் போடுறவரு கரையில நிக்கிறாரு. ஒரே நாள்ல போகுமோ என்னவோ, பயம் போகுதா நீங்க போறீங்களான்னு பாக்கணும்ல. லைஃப்கார்டுக்கும் அன்னைக்கு வேற வேலை இருக்கு.

கேள்வி (மதுரை, 36): அக்கா, எனக்கு தண்ணி பிரச்சினை இல்ல, அந்த டிரஸ்தான். உடம்பு வேற கனம். வீட்ல மாமியார் என்ன சொல்வாங்களோன்னு.

இத நீங்க கேட்டதுக்கு நன்றி, நிறைய பேருக்கு இதான் நிஜ காரணம், வெளிய தண்ணி பயம்னு சொல்லிப்பாங்க. கை மணிக்கட்டு வரைக்கும், கால் கணுக்கால் வரைக்கும் மூடுற நைலான் சூட் கடையிலயே கிடைக்குது, எங்க பேட்ச்ல முக்காவாசி பேர் அதான். காட்டன் சுடிதார் மட்டும் வேணாம், தண்ணி குடிச்சு கனத்து காலை இழுக்கும், நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல போய் அடைக்கும்னு குளத்துக்காரங்களும் விட மாட்டாங்க. உடம்பு கனம்னா நல்லதுதான், கொழுப்பு தண்ணிய விட லேசு, நீங்க எங்கள விட சுலபமா மிதப்பீங்க. எங்க பேட்ச்ல முதல் நாளே மல்லாந்து மிதந்தவங்க ஒரு 92 கிலோ அம்மா, ஒல்லியான காலேஜ் பொண்ணு ரெண்டு வாரம் முழுகிக்கிட்டே இருந்துச்சு.

முதல் வாரம் நான் துண்ட சுத்திக்கிட்டே படி வரைக்கும் வந்து, தண்ணில இறங்குற நிமிஷம்தான் எடுப்பேன். உள்ள போயிட்டா அவங்கவங்க மூச்ச பாக்கவே எல்லாருக்கும் நேரம் சரியா இருக்கும். மாமியார் விஷயத்துல என் ஐடியா, முன்னாடியே பர்மிஷன் கேக்காதீங்க, "டாக்டர் முட்டிக்கு நல்லதுன்னாரு"ன்னு ஆரம்பிங்க. அது பொய்யும் இல்ல, தண்ணில முட்டிக்கு பாரம் குறையும்.

கேள்வி (டொரன்டோ, சொந்த ஊர் யாழ்ப்பாணம்): அக்கா, ஆழமில்லாத பக்கம் 25 மீட்டர் வடிவா நீந்துவன். ஆழப் பக்கம் போனா அரைவாசியில நிண்டுடுவன். 1954ல பாக்கு நீரிணைய நீந்தின நவரத்தினசாமி எங்கட தொண்டைமானாறு, 1971ல போய்த் திரும்பி 51 மணித்தியாலம் நீந்தின ஆனந்தன் வல்வெட்டித்துறை. அந்தப் பக்கத்து ஆள் எண்டு சொல்லவே வெட்கமா கிடக்கு.

வெக்கப்படாதீங்க, நான் நீந்தத் தெரிஞ்சும் நாலு மாசம் அந்த இடத்துல மாட்டியிருந்தேன். எங்க குளத்துல தரை சரிய ஆரம்பிக்கிற இடத்துல வெளிர் நீல டைல்ஸ் கருநீலமா மாறும். அந்த கோட்டுக்கு மேல வந்ததும் தலை தானா தூக்கும், தலை தூக்கினா கால் கீழ போகும், அவ்வளவுதான், கம்பிக்கு தாவிடுவேன். நீந்துறது என்னவோ மேல ரெண்டடிலதான், கீழ மூணடியா பன்னெண்டடியான்னு தண்ணி கணக்கு பாக்கறதில்ல, தூக்குற தூக்கு ஒண்ணுதான். இது புத்திக்கு தெரியும், வயித்துக்கு தெரியாது.

நான் பண்ணது இது. ஆழப் பக்கம் கம்பிய ஒட்டின லேன்ல, கோட்டுக்கு அந்தப் பக்கம் மூணு கை மட்டும் போட்டு கம்பிய புடிப்பேன். பத்து தடவ. மறுநாள் அஞ்சு கை. நடுவுல நின்னு மூச்சு வாங்கவும் கத்துக்கணும், அதான் முக்கியம், நின்ன இடத்துலயே கால சைக்கிள் மாதிரி ஆட்டி தலைய மேல வச்சுக்கிறது, இல்லன்னா மல்லாந்துடுறது. அது வந்த அன்னைக்குதான் எனக்கு கருநீலம் போச்சு, ஏன்னா கம்பி இல்லாமயே நிக்க ஒரு இடம் கிடைச்சுடுச்சு.

நீரிணைன்னு சொன்னீங்க. 1966ல மிஹிர் சென்னு ஒரு நீச்சல் வீரர் பாக்கு நீரிணைய நீந்தினப்போ கடற்படை கப்பல் துணைக்கு வந்துச்சு. அந்த ஒரே வருஷத்துல அவர் நாலு நீரிணை, பனாமா கால்வாய்னு மொத்தம் அஞ்சு முடிச்சாரு, 1994ல நம்ம குற்றாலீஸ்வரன் ஆறு முடிச்சு அத முந்தினான், சின்னப் பையன். நான் அப்போ காலேஜ், பேப்பர்ல போட்டோ பாத்துட்டு "இவனுக்கெல்லாம் பயமே கிடையாது போல"ன்னு நினைச்சேன். பக்கத்துல படகு வந்தது எனக்கு தோணவே இல்ல. உங்களுக்கும் ஒரு படகு வச்சுக்கோங்க, பக்கத்து லேன்ல நீந்துற ஒரு ஃப்ரெண்ட் போதும்.

கேள்வி (நாகர்கோவில், 31): குளத்துல வந்துடுச்சு, அடுத்து கடல். தனியா போலாமா?

கூடவே கூடாது. உப்புத் தண்ணி குளத்து தண்ணிய விட கொஞ்சம் அதிகமா தூக்கும், ஆனா இழுப்பு வேற விஷயம். கரைலேர்ந்து உள்ள இழுத்தா எதிர்த்து நீந்தி களைச்சு போறதுதான் ஆள கொல்லுது, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்ப விட்டு வெளிய வந்து அப்புறம்தான் திரும்பணும், முடியலன்னா மிதந்துக்கிட்டே கைய தூக்கி காட்டணும். உள்ளூர் மீனவர் யாராவது "இன்னைக்கு வேணாம்"னு சொன்னா திரும்பி வந்து டீ குடிங்க.

கேள்வி (திருச்சி, 33): ரெண்டு மாசமா அதே 15 மீட்டர்தான் அக்கா. அலாரம் அடிக்கும்போதே வெறுப்பா இருக்கு.

யாரயாவது கரைலேர்ந்து போன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க. மூச்சு எடுக்க தலைய பக்கத்துல திருப்பாம முன்னாடி தூக்குறீங்கன்னு நினைக்கிறேன், பத்துல எட்டு பேர் எங்க பேட்ச்ல அதான். ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கிற மாதிரி திருப்பினா போதும். அலாரம் விஷயத்துக்கு, நைட்டே பைய வண்டில மாட்டிடுங்க, "போய் பத்து நிமிஷம் கால நனைச்சுட்டு வந்துடலாம்"னு மனசுகிட்ட பேசுங்க. நிஜமாவே பத்து நிமிஷத்துல திரும்பி வந்த நாளும் எனக்கு இருக்கு, வயித்துவலின்னு கோச்சுகிட்ட பொய் சொல்லியிருக்கேன், அடுத்த நாள் வழக்கம்போல போனேன்.

கேள்வி (தாம்பரம், 27): கண் எரியுது, முடி கொட்டுது.

கண் எரியறது வெறும் குளோரின் இல்ல, வேர்வையும் அதுவும், சொல்லவே கூசுது, ஒண்ணுக்கும் குளோரினோட சேர்ந்து வர்றது. இறங்கறதுக்கு முன்னாடி குளிச்சுட்டு இறங்குங்க, காகிள்ஸ் போடுங்க. முடிய நல்ல தண்ணில நனைச்சுட்டு தொப்பி போட்டா குளத்து தண்ணிய கம்மியா குடிக்கும்.

கேள்வி (சேலம், 40): எங்க அம்மாவுக்கு 67. டிவில பாத்துட்டு "நானும் வரட்டா"ன்னு கேக்குறாங்க. சிரிச்சுட்டேன், இப்ப குற்ற உணர்ச்சியா இருக்கு.

பிபி, ஹார்ட் பத்தி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கூட்டிட்டு போங்க. எங்க பேட்ச்ல 71 வயசுல ஒரு பாட்டி இருக்காங்க, முதல் வாரம் முழுக்க படியில உக்காந்து கால மட்டும் ஆட்டிட்டு, எங்க எல்லாருக்கும் யார் கை சரியில்லன்னு கமெண்ட் சொல்லிட்டு இருந்தாங்க. இப்ப கிக் போர்டுங்கிற மிதக்குற பலகைய புடிச்சு அகலவாட்டுல போறாங்க, நடுவுல யாராவது குறுக்க வந்தா திட்டு விழும். அம்மாவுக்கு சூட் வாங்கும்போது ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, ஈரத்துல கழட்டுறது பெரும்பாடு.