விவாத மேடையில் சொல்வதெல்லாம் கவர்னர் கையில் இருக்கிறதா?

கேள்வி: அட்லாண்டா பக்கம் ஜான்ஸ் கிரீக்கில் இருக்கிறோம். போன வருடம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. 2026 நவம்பரில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறேன், அதுவும் ஜார்ஜியா கவர்னர் தேர்தலில். வேட்பாளர்கள் விவாதத்தை டிவியில் முழுதாகப் பார்க்க ஆசை. "அது வெறும் கூத்து, மறுநாள் ரெண்டு நிமிட வீடியோ வரும், அது போதும்" என்கிறார் வீட்டுக்காரர். கரண்ட் பில், வீட்டு வரி, வருமான வரி எல்லாவற்றையும் குறைக்கிறேன் என்று எல்லோருமே சொன்னால் யாரை நம்புவது? எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மைதான், கூத்தும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் "இதற்கு யார் கையெழுத்து வேண்டும்?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே பார்த்தால், அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.

முதலில் அந்த 'கவர்னர்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். நம் ஊரில் கவர்னர் என்றால் டெல்லி நியமித்து அனுப்புகிறவர். இங்கே மக்கள் ஓட்டுப் போட்டு 4 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆள். அப்படியென்றால் முதலமைச்சர் மாதிரியா என்றால், அதுவும் முழுதாகச் சரியில்லை. நம் முதலமைச்சருக்குச் சட்டசபையில் பெரும்பான்மை கையிலேயே இருக்கும். இங்கே கவர்னர் சட்டமன்றத்துக்கு வெளியே நிற்பவர். 180 பேர் கொண்ட கீழவையும் 56 பேர் கொண்ட செனட்டும் மசோதாவை நிறைவேற்றினால்தான் அவர் கையெழுத்துக்கே வேலை. அந்தச் சட்டமன்றமும் ஆண்டுக்கு 40 அமர்வு நாட்கள்தான் கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஜார்ஜியாவில் லெப்டினன்ட் கவர்னர் (துணை கவர்னர்), அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), பள்ளிக் கண்காணிப்பாளர், காப்பீட்டு ஆணையர், விவசாய ஆணையர் எல்லோரும் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். கவர்னர் அமைத்த மந்திரிசபை இல்லை அது. சில சமயம் வேறு கட்சி ஆளாகக்கூட இருக்கலாம்.

அதற்காகக் கவர்னரை வெறும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். பட்ஜெட்டில் அவர் பிடி பலமானது. ஆண்டு வருவாய் இவ்வளவு என்று மதிப்பிடுவது அவர்தான், அந்த மதிப்பீட்டைத் தாண்டி சட்டமன்றம் செலவு ஒதுக்க முடியாது. பிடிக்காத ஒதுக்கீட்டை மட்டும் தனியாக அடித்துவிடும் வீட்டோ (மறுப்பு) அதிகாரமும் உண்டு. அதனால் விவாதத்தில் பணம் பற்றிய பேச்சு வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கரண்ட் பில். 2025 கவர்னர் தேர்தலில் நியூ ஜெர்சியில் இதுதான் பெரிய விவகாரம். வேட்பாளர்கள் மிக்கி ஷெரில், ஜாக் சிட்டரெல்லி இருவரும் விவாத மேடையில் இதை வைத்து மோதிக்கொண்டார்கள். நெருக்கடி நிலை அறிவித்துக் கட்டணத்தை உறைய வைப்பேன் என்றார் ஷெரில். ஜெயித்தவரும் அவர்தான். அங்கே கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் வாரியத்தின் உறுப்பினர்களைக் கவர்னர்தான் செனட் ஒப்புதலோடு நியமிக்கிறார். ஆகவே அந்தப் பேச்சுக்கு ஓரளவு பிடிமானம் இருந்தது.

அதே வசனத்தை ஜார்ஜியா மேடையில் ஒருவர் சொன்னால் கதை வேறு. ஜார்ஜியா பவர் கட்டணத்தைத் தீர்மானிப்பது ஐந்து பேர் கொண்ட பொதுச் சேவை ஆணையம், அவர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வோக்டில் அணுமின் நிலையத்தின் புதிய உலைகளுக்கு ஆன செலவு பில்லில் ஏறியதில் மக்களுக்கு இருந்த கோபம், 2025 நவம்பரில் அந்த ஆணையத் தேர்தலில்தான் வெடித்தது. இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பிடித்தது. 2006க்குப் பிறகு அதுவரை, ஜார்ஜியா முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசுப் பதவி எதையும் அந்தக் கட்சி ஜெயித்ததில்லை. கவர்னர் வேட்பாளர் ஒருவர் "நான் வந்தால் கரண்ட் பில் குறையும்" என்றால், எந்தச் சட்டத்தை மாற்றி என்று அடுத்த வாக்கியத்தில் சொல்கிறாரா பாருங்கள். சொல்லாவிட்டால் அது மேடைப்பேச்சு, அவ்வளவுதான். வாக்குச்சீட்டில் ஆணையத்துக்கான இடம் இருந்தால் அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள், உங்கள் பில்லுக்கு நேரடிச் சம்பந்தம் அங்கேதான்.

வருமான வரி மாநிலத்தின் சொந்த வருவாயில் ஏறத்தாழ பாதி. அதைக் குறைக்கிறேன், எடுத்தே விடுகிறேன் என்பவர் அந்தப் பாதியை எங்கிருந்து நிரப்புவார் என்பதுதான் கேள்வி. விற்பனை வரியைக் கூட்டுவாரா, செலவை வெட்டுவாரா? நெறியாளர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

வீட்டு வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கவுண்டியும் பள்ளி வாரியமும் போடுவது. வரிக்கான வீட்டு மதிப்பு பணவீக்கத்தை மீறி ஏறாமல் தடுக்கும் திருத்தத்துக்கு 2024இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை உள்ளூர் அமைப்புகளுக்கு இருந்தது, பல பள்ளி வாரியங்கள் விலகின.

கையெழுத்து விஷயத்துக்கு இரண்டு பழைய கதைகள். 2022 கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்டேசி ஏப்ரம்ஸ், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்குவேன் என்று அப்போதைய கவர்னர் பிரையன் கெம்ப் முன்னால் வாதாடினார். ஆனால் 2014லேயே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, தன் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்ய முடியாதபடி கவர்னர் கையைக் கட்டிவிட்டது. ஏப்ரம்ஸ் ஜெயித்திருந்தாலும் எதிர்க்கட்சியின் கையில் இருந்த சட்டமன்றத்தைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது நல்லபடியாக முடிந்த கதை. 1990 தேர்தலில் லாட்டரி கொண்டுவந்து அந்தப் பணத்தைக் கல்விக்குத் தருவேன் என்றார் ஸெல் மில்லர். அதற்கு மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அவர் ஜெயித்து, சட்டமன்றத்தைச் சம்மதிக்க வைத்து, 1992இல் மக்கள் வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் கரை சேர்ந்தது. 1993இல் வந்ததுதான் கல்லூரிப் படிப்புக்கு உதவும் ஹோப் ஸ்காலர்ஷிப். உங்கள் தெருவிலேயே அதை வாங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய வாக்குறுதி என்பதாலேயே பொய் என்று தள்ளவும் கூடாது. வழியைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இனி அந்த ரெண்டு நிமிட வீடியோ. 2021 வர்ஜீனியா கவர்னர் விவாதத்தில் வேட்பாளர் டெர்ரி மெக்காலிஃப், பள்ளி என்ன கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்வது சரியல்ல என்ற பொருளில் ஒரு வாக்கியம் விட்டார். முன்பு கவர்னராக இருந்தபோது தான் வீட்டோ செய்த ஒரு பள்ளிப் புத்தக மசோதாவைப் பற்றிய பேச்சில் வந்தது அது. எதிர் வேட்பாளர் கிளென் யங்கினின் தரப்பு அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி விளம்பரமாக ஓடவிட்டது. யங்கின் ஏறக்குறைய 2 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வாக்கியம் சரியா தப்பா என்பது உங்கள் இஷ்டம். முன்னும் பின்னும் கேட்டவருக்குத்தான் முடிவு செய்ய வசதி. இதை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

அட்லாண்டா பிரஸ் கிளப் நடத்தும் விவாதங்களில் ஒரு சுற்றில் வேட்பாளர்களே ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள். டீ போட எழுந்து போவதென்றால் தொடக்க உரையில் போங்கள், இந்தச் சுற்றில் வேண்டாம். எதிராளி எதைக் கேட்கிறார், இவர் எதைத் தொடாமல் நழுவுகிறார் என்பது பளிச்சென்று தெரியும். வராதவர் நின்று பேச வேண்டிய மைக் மேசையைக் காலியாகவே வைத்துவிடும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்க செனட் மறுதேர்தல் விவாதத்துக்கு டேவிட் பெர்டியூ வரவில்லை, எதிர் வேட்பாளர் ஜான் ஆசாஃப் அந்தக் காலி மேசைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நியூ ஜெர்சியில் அரசின் பிரசார நிதியை வாங்கும் கவர்னர் வேட்பாளர்கள் விவாதத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஜார்ஜியாவில் அப்படி இல்லை, வருவதும் வராததும் அவரவர் கணக்கு.

கடைசியாகத் தேதிகள். குடியுரிமை கிடைத்ததும் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். மாநிலத்தின் 'மை வோட்டர் பேஜ்' தளத்தில் பாருங்கள். பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. டிரைவிங் லைசென்ஸ் குடியுரிமைக்கு முன் எடுத்ததென்றால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாக்களிப்பது அக்டோபர் நடுவிலேயே தொடங்கிவிடும். 2022இல் அது தொடங்கியதும் முதல் கவர்னர் விவாதம் நடந்ததும் ஒரே நாள், அக்டோபர் 17. விவாதம் பார்த்துவிட்டுத்தான் ஓட்டு என்றால் அவசரப்பட்டு முதல் நாளே போய் நிற்க வேண்டாம்.

நவம்பர் 3 தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் டிசம்பர் 1 அன்று மறுதேர்தல். அப்படி ஆனால் இன்னொரு விவாதம்கூட வரலாம். வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.