உக்ரைன் வீட்டுச் சிர்னிகி: கேட்டதும் சொன்னதும்

உக்ரைனில் காலைப் பலகாரமாக வீட்டுக்கு வீடு சுடுகிற சிர்னிகி என்கிற பால்கட்டி வில்லைகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வின்னிட்சியாவில் மருத்துவம் படித்தபோது விடுதிச் சமையலறையில் பழகியது இது. இங்கே வந்த பிறகு நம் ஊர்ப் பாலிலும் செய்கிறேன்.

அக்கா, முதலில் அளவைச் சொல்லிவிடுங்கள். (சேலம்)

சிர் அரை கிலோ, ஒரு முட்டை, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, மைதா 3 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. வெனிலாவும் உலர்திராட்சையும் உங்கள் இஷ்டம். சிர் என்பது புளித்த பாலை மெல்லச் சூடாக்கி, நீரை வடித்தெடுக்கும் மென்மையான கட்டி. இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். மைதா இவ்வளவு போதுமா என்று சந்தேகம் வரும். போதும். இது சிர் பலகாரம், மைதா பலகாரம் இல்லை.

பன்னீரை உதிர்த்துச் செய்தேன். ரப்பர் மாதிரி வந்தது. ஏன்? (கோவை)

கொதிக்கிற பாலில் எலுமிச்சை விட்டதும் பன்னீர் சட்டென்று திரண்டு இறுகுகிறது. சிர் அப்படி இல்லை. பால் பல மணி நேரம் நிதானமாகப் புளித்த பிறகுதான் சூடே படுகிறது. அதனால்தான் விரலால் மசித்தாலே குழைகிறது, புளிப்பும் இருக்கிறது. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சிர்னிகி வெறும் இனிப்பாகிவிடும்.

வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். இரண்டு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றுங்கள். நன்றாகப் புளிக்கட்டும். கெட்டித் தயிரானதும் கத்தியால் பெரிய துண்டுகளாகக் கீறி, அந்தப் பாத்திரத்தை வெந்நீர் இருக்கும் இன்னொரு பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். கிளறாதீர்கள். தயிர் ஓரத்திலிருந்து விலகி, சுற்றிலும் இளம்பச்சையாகத் தெளிந்த நீர் நிற்கும். அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். 60 டிகிரியைத் தாண்டினால் கட்டி மணல்மணலாகிவிடும். முழுக்க ஆறியதும் துணியில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட்டு, அப்புறம் மேலே கனம் வைத்து ஒரு மணி நேரம் அழுத்துங்கள். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். அங்கே அதில் ம்லின்சி என்கிற மெல்லிய அடைக்கு மாவு கரைப்பார்கள். நமக்குச் சப்பாத்தி மாவு பிசைய ஆகும்.

கல்லில் போட்டதும் பரந்து ஓடிவிடுகிறது. மைதாவைக் கூட்டலாமா? (மதுரை)

கூட்டாதீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓடுகிறது என்றால் சிரில் நீர் மிச்சம் இருக்கிறது. மைதா அந்த நீரைக் குடித்து உருவத்தைக் காப்பாற்றும், ஆனால் தின்றால் சவசவ என்று இருக்கும். பிசைவதற்கு முன் ஒரு கைப்பிடி சிரை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் மறுபடி துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். கையைத் திறந்ததும் விரல் ரேகை பதிந்த உருண்டையாக நின்றால் சரி.

சர்க்கரையும் ஒரு காரணம். அது சிரிலிருந்து நீரை இழுக்கும். சர்க்கரை சேர்த்த கலவையை வெகுநேரம் வைத்திருந்தால் தளர்ந்துவிடும். இனிப்பு வேண்டுவோர் மேலே தேன் ஊற்றிக்கொள்ளட்டும். மிக்சியில் அடிப்பதையும் விடுங்கள். நைசாக வேண்டுமானால் சல்லடையில் தேய்த்தெடுக்கலாம்.

மேலே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது. (திருச்சி)

தீ அதிகம். வடைக்குத் தட்டுவது போல ஓரம் மெலியத் தட்டாமல், நடுவும் ஓரமும் ஒரே கனமாக, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாகச் செய்யுங்கள். கலவையை மைதா தூவிய பலகையில் நீளமாக உருட்டி, கத்தியால் வெட்டினால் சுலபம். ஒட்டிய மாவை உதறிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் உதிர்ந்து கருகும். அடி கனமான சட்டியில் சூரியகாந்தி எண்ணெயை மெல்லிய படலமாக ஊற்றி, மிதமான தீயில் போடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஒரே ஒரு முறை திருப்பி, தீயைக் குறைத்து, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். உள்ளே வெந்துவிடும்.

முட்டை இல்லாமல் வருமா? (கும்பகோணம்)

வரும். சிர் நன்றாக வடிந்திருக்க வேண்டும். மைதாவுக்குப் பதில் மெல்லிய ரவை 3 மேசைக்கரண்டி சேர்த்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். திருப்பும்போது மட்டும் பதனம். முட்டை சேர்ப்பவர்களுக்கும் ஒன்று: வெள்ளைக்கருவை விட்டு இரண்டு மஞ்சள்கரு மட்டும் போட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்.

லண்டனில் இருக்கிறேன். கடையில் என்ன கேட்டு வாங்குவது? (லண்டன்)

போலந்துக்காரர் கடையில் ட்வாரூக் என்று கேளுங்கள், அது இதேதான். கனடாவில் இருப்பவர்கள் நீர் வடித்து அழுத்திய காட்டேஜ் சீஸ் வாங்கலாம். டப்பாவில் பாலோடு மிதக்கும் காட்டேஜ் சீஸும் ரிக்கோட்டாவும் நீர் அதிகம், வடிக்காமல் உதவாது.

எதைத் தொட்டுச் சாப்பிடுவார்கள்? (நெல்லை)

ஸ்மெத்தானா என்கிற புளித்த பாலேடு, அதோடு செர்ரி அல்லது பிளாக்கரன்ட் ஜாம். நம் வீட்டில் துணியில் வடித்த கெட்டித் தயிர் நன்றாகப் பொருந்தும். சாக்லேட் சாஸ் ஊற்றிச் சில உணவகங்களில் தருகிறார்கள். எனக்கு அது சிரின் ருசியையே மறைப்பதாகப் படுகிறது. சர்க்கரையைக் குறைத்து, உப்பும் நறுக்கிய சதகுப்பைக் கீரையும் சேர்த்துக் காரமில்லாத உப்புப் பலகாரமாகவும் சுடுவார்கள்.

லிவிவ் சிர்னிக் என்று படத்தில் பார்த்தேன். கேக் மாதிரி இருந்ததே? (சென்னை)

கேக்தான். லிவிவ் என்பது உக்ரைனில் ஒரு நகரம். அங்கத்திய சிர்னிக், சிரோடு அவித்து மசித்த உருளைக்கிழங்கு சேர்த்து, ஓவனில் சுட்டு, மேலே சாக்லேட் பூசுவது. பெயரில்தான் ஒற்றுமை. இந்த அளவை வைத்து அதைச் செய்யப் போகாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் இதற்கெல்லாம் ஏது நேரம்? (ஓசூர்)

ஞாயிற்றுக்கிழமை வில்லைகளைத் தட்டி, சுடாமல், ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இறுகியதும் ஒரு பையில் போட்டுக்கொள்ளலாம். சுடும்போது உருகவிடாமல் அப்படியே சட்டியில் போட்டு, சிறு தீயில் மூடி வேகவையுங்கள். உருகவிட்டால் நீர் விட்டு ஓடும்.