பழைய பாணியை எப்படி எடுத்தாள்வது: வடிவமைப்புக் கேள்வி பதில்

பழைய வடிவமைப்புப் பாணிகள் இன்றைய பொருட்களிலும் கலைவேலைகளிலும் எப்படித் திரும்ப வருகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஜெர்மனியின் பிரான் (Braun) நிறுவனத்தின் பழைய ரேடியோவையும் ஆப்பிள் ஐபாடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் ஒன்று சுற்றுகிறது. அது அப்பட்டமான காப்பிதானே சார்?

அந்த ரேடியோ 1958-இல் டீட்டர் ராம்ஸ் வடிவமைத்த டி3. வெள்ளை நிறத்தில் ஒரு சின்னச் செவ்வகம். மேலே ஒலி வர வரிசையாகத் துளைகள், கீழே வட்டமான திருகி. 2001-இல் வந்த ஐபாட் (iPod) என்ற பாட்டுக் கருவியில் துளைகள் இருந்த இடத்தில் திரை, திருகி இருந்த இடத்தில் சக்கரம். சாயல் இருப்பது உண்மை. ஆனால் சக்கரம் அங்கே ஏன் வந்தது என்று பாருங்கள். ஆயிரம் பாட்டுகள் கொண்ட பட்டியலை ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி நகர்த்தினால் விரல் ஓய்ந்துவிடும். சுற்றிக்கொண்டே இருந்தால் வேகமாகப் போகலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ரேடியோவில் நிலையம் தேடுவதும் அதே வேலைதான். ஒரே சிக்கலுக்கு ஒரே விடை. இதைக் காப்பி என்று நான் சொல்லமாட்டேன்.

காப்பிக்கு அருகில் வருவது இன்னொன்று. ராம்ஸும் டீட்ரிக் லூப்ஸும் சேர்ந்து 1987-இல் செய்த இடி66 கால்குலேட்டரில் பொத்தான்கள் வட்டமாக, நடுவில் புடைத்து இருக்கும். விரல் வைத்தாலே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். தொடக்கக்கால ஐபோனின் கால்குலேட்டர் அந்தப் பொத்தான்களைத் திரையில் அப்படியே வரைந்து காட்டியது. கண்ணாடியில் எதைத் தடவினாலும் தட்டைதான். புடைப்பு வெறும் படமாகிவிட்டது. 2013-இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 7 வந்தபோது அந்த நிழலும் பளபளப்பும் போய்விட்டன. அது சரியான முடிவு என்பது என் கருத்து.

கேள்வி: கல்லூரி வேலைக்காக பௌஹவுஸ் பாணியில் ஒரு போஸ்டர் செய்தேன். வட்டம், சதுரம், முக்கோணம், சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் "உயிரே இல்லை" என்கிறார். என்ன தவறு?

உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நானும். பௌஹவுஸ் 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இயங்கிய பள்ளி. வைமார், டெஸ்ஸாவ், பெர்லின் என்று மூன்று ஊர் மாறியது. மூன்று வடிவமும் மூன்று நிறமும் அங்கே வகுப்புப் பயிற்சியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். கையில் இருக்கும் பொருளையும் இயந்திரத்தையும் வைத்து எதை நேர்மையாகச் செய்ய முடியும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியக் கேள்வி.

அந்தப் பள்ளியைச் சேர்ந்த மார்செல் பிராயரின் 1925 நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து, இப்படி வளைகிற ஸ்டீல் குழாயில் நாற்காலி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. குழாய் சில்லென்று இருக்கும், உடம்பில் பட்டால் உறுத்தும். அதனால் துணிப்பட்டைகளை இழுத்துக் கட்டி, உட்காருபவர் மேல் உலோகமே படாதபடி செய்தார். நாம் இன்று "பௌஹவுஸ் தோற்றம்" என்று ரசிக்கிற அந்தக் கோடுகள் எல்லாம் இப்படி ஒவ்வொரு காரணத்திலிருந்து வந்தவை.

அதே 1925-இல் அந்தப் பள்ளி A, B போன்ற பெரிய எழுத்துகளையே கைவிட்டு, எல்லாவற்றையும் a, b போன்ற சின்ன எழுத்தில் அச்சிடத் தொடங்கியது. பேசும்போது இல்லாத வேறுபாடு எழுத்தில் எதற்கு, இரண்டு தொகுதி அச்செழுத்து எதற்கு என்பது அவர்கள் வாதம். தமிழில் போஸ்டர் செய்பவருக்கு இதில் நகலெடுக்க ஒன்றுமே இல்லை, ஏனென்றால் நமக்கு அந்தப் பிரிவே கிடையாது. ஆனால் "இது இல்லாமல் நடக்குமா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் போஸ்டரில் அந்த முக்கோணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: தோற்றத்தில் தெரியாமலே பழைய பாணி ஒன்று இன்றும் வாழ்கிறது என்று சொல்ல முடியுமா?

தாராளமாக. தோனெட் என்ற அறைக்கலன் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலி, 1859. ஆவியில் வளைத்த மரத் துண்டுகள் ஆறு, திருகாணி பத்து, நட்டு இரண்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேரும் இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். இன்று தட்டையான அட்டைப் பெட்டியில் வரும் மேசையும் அலமாரியும் பார்வைக்கு அதைப்போல் துளியும் இருக்காது. இருந்தாலும் அவை அதன் வாரிசுகள்தான். எனக்கு மிகவும் பிடித்த செல்வாக்கு இந்த வகைதான்.

கேள்வி: பழைய முகத்தோடு வருகிற புதுக் கார்களைப் பற்றி?

1957 ஃபியட் 500-க்கு இன்ஜின் பின்னால். அதனால் முன்பக்கம் காற்று போகும் கிரில் தேவைப்படவில்லை, முகம் மழமழவென்று இருந்தது. 2007-இல் வந்த புதிய 500-இல் இன்ஜின் முன்னால் வந்துவிட்டது. காற்று போக வழி வேண்டும். அந்த வழியைக் கீழே பம்பர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தை மட்டும் பழையபடி வைத்திருக்கிறார்கள். அழகாகச் செய்த வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே விற்பனையாவது நினைவு. வடிவமைப்பு படிக்கிறவர் பழைய காரைப் பார்த்துக் கற்பது அதிகம்.

கேள்வி: மெம்பிஸ் பாணி ஏன் திரும்ப வந்தது? எங்கே பார்த்தாலும் நெளிகோடும் பளிச் நிறமும்.

மிலானில் எத்தோரே சொத்சாஸ் கூட்டிய குழு அது; முதல் கண்காட்சி 1981. லேமினேட் என்ற மலிவான பிளாஸ்டிக் தகட்டை விலை உயர்ந்த அறைக்கலனில் ஒட்டி, "நல்ல ரசனை" என்று சொல்லப்பட்டதைச் சீண்டினார்கள். தட்டையான, சாம்பல் நிறத் திரைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது இன்று பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் எல்லாரும் நெளிகோடு போட்டபின் அது யாரைச் சீண்டும்?

கேள்வி: பழைய நாற்காலி ஒன்றை அப்படியே செய்து விற்கலாமா? காப்புரிமை முடிந்திருக்கும்தானே அண்ணா?

அப்படி நினைத்து இறங்காதீர்கள் தம்பி. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் இப்படித் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்படும் கலைப் படைப்புகளுக்கு முன்பு 25 ஆண்டுதான் பாதுகாப்பு. 2016-இல் அதை மாற்றி, படைத்தவர் இறந்த பின்னும் 70 ஆண்டு என்று ஆக்கிவிட்டார்கள். பெயரும் சின்னமும் வணிகக்குறியாகப் பதிவாகியிருந்தால் அது தனிக் கணக்கு. விற்பதாக இருந்தால், அச்சு வார்க்கும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். கற்பதற்கு என்றால் ஒரு பழைய நாற்காலியை வாங்கி, கழற்றி, அளந்து, திரும்பப் பூட்டிப் பாருங்கள். அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.